புதுக் கணினி வாங்கவா, பொறுக்கவா?

கருவி வாங்கும் முன்…

பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, விசைத்தெளிப்பான், சோலார் பம்ப் என்று போய்க்கொண்டிருந்த இந்தப் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று கணினி பற்றியது. கணினியும் ஒரு கருவிதான். மண்வெட்டிக்குக் கேட்கிற கேள்விகளையே அதற்கும் கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாலுகாவிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி, பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

''ஐயா, வணக்கம். எங்களுக்கு மூன்று ஏக்கர். போர் தண்ணீர்தான். ஒரு ஏக்கரில் மல்லிகையும் சம்பங்கியும், மீதியில் தென்னை, பலா. ஊர்ப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து குழுவாக நாற்றுப் பண்ணை நடத்துகிறோம். என் இளைய மகள்தான் குழுவுக்குக் கணக்குப் பார்க்கிறாள். அவள் புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூத்தவள் 2018-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தாலும் அது முழுசாகத் திறந்திருக்காது.

போன மாதம் இரண்டாயிரம் கன்றுக்கு விலைப்பட்டியல் கேட்டு ஒருவர் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து லேப்டாப் திறக்கவே இல்லை. மறுநாள் டவுனுக்குப் போய் டைப் செய்து அனுப்பினோம். 'வேற ஆள்கிட்ட சொல்லிட்டேம்மா' என்றார்.

பொங்கல் சமயத்தில் பூ விற்றதில் 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. ஆனால் போர் மோட்டார் இரண்டு முறை காயில் போய்க் கட்டியது. கோடைக்குள் புது மோட்டார் இறக்க வேண்டும். ஒரு கடைக்காரர், மூன்று மாதம் பொறுங்கள், புது மாடல் வரும் என்கிறார். இன்னொரு கடைக்காரர், விலை ஏறிக்கொண்டே போகிறது, இன்றைக்கே எடுங்கள் என்கிறார். மருமகன், பழசிலேயே டிஸ்க்கை மாற்றினால் போதும் என்கிறார். மகள், அரசாங்க லேப்டாப் வரும், எதுவும் வாங்க வேண்டாம் என்கிறாள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?''

சகோதரி, உங்களிடம் பேசிய நாலு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன்னால் கைதவறிப் போன அந்த இரண்டாயிரம் கன்றைப் பேசிவிடலாம்.

கன்றுக்கு 5 ரூபாய்தான் மிஞ்சும் என்று வைத்தாலும் அது 10,000 ரூபாய். பதினான்கு பெண்களின் உழைப்பு. கணினி வாங்குவதா பொறுப்பதா என்று கணக்குப் போடும்போது நாம் எல்லோரும் கணினி விலையை மட்டும்தான் எழுதுகிறோம். பொறுத்திருந்ததால் போனதை யாரும் எழுதுவதில்லை. காத்திருப்பதற்குச் செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கும் செலவு உண்டு. அதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நானே பட்டவன். 2018-ல் என் தோப்புக் கணக்கு முழுவதும் நோட்டில் இருந்தது. எந்த வரிசையில் எத்தனை தென்னை, எந்த வருடம் வைத்தது, எந்த மரத்துக்கு என்ன உரம், என்ன காய்ப்பு என்று பத்து வருடத்துக் கணக்கு. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று ஆடி மாதமே முடிவு செய்துவிட்டேன். 'தீபாவளிக்கு ஆஃபர் வரும், பொறு' என்றார்கள், பொறுத்தேன். நவம்பர் 6 தீபாவளி வந்தது. 'பொங்கலுக்குப் புது மாடல் வருது' என்றார்கள். சரி, இன்னும் இரண்டு மாதம்தானே என்றிருந்தேன். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. மரங்கள் போனது ஒரு பக்கம். ஓடு பறந்த வீட்டில் நனைந்து கூழாகிப் போன நோட்டுகள் இன்னொரு பக்கம். சேதக் கணக்கு எடுக்க வந்தவர்களிடம் சாய்ந்து கிடந்த மரத்தைத்தான் காட்ட முடிந்தது. அது எத்தனை வயது மரம், என்ன காய்த்தது என்று காட்ட ஒரு தாள் இல்லை.

கணினி வாங்கியிருந்தால் எல்லாம் தப்பித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அதே வீட்டில் இருந்த கணினியும் அதே மழையில்தான் நனைந்திருக்கும். ஆனால் கணக்கு ஒருமுறை கணினிக்குள் ஏறிவிட்டால் அதன் நகலைச் சென்னையில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம், இணையத்தில் போட்டு வைக்கலாம். நோட்டுக்கு அந்த வசதி இல்லை. நான் இழந்தது நல்ல மாடலுக்காகப் பொறுத்த நாலு மாதத்தில்.

இப்போது நாலு பேரிடம் வருவோம்.

முதல் கடைக்காரர்: 'புது மாடல் வரும்.'

வரும். கட்டாயம் வரும். அது வந்ததும் அதற்கு அடுத்த மாடல் வரும் என்ற பேச்சும் கூடவே வரும். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர், ஒரு சிப்பில் அடைக்கும் மின்னணு உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு இரண்டு மடங்காகிறது என்று 1965-ல் எழுதினார். 1975-ல் அதைத் திருத்தி, இரண்டு ஆண்டுக்கு இரண்டு மடங்கு என்றார். கணினித் தொழில் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் ஓடியது. எப்போது வாங்கினாலும் இரண்டு வருடம் கழித்து வாங்கியவருக்கு நம்மைவிட நல்லது கிடைக்கும் என்பது இதற்குப் பொருள்.

நமக்கு இது புதிதல்ல. வம்பன் ஆராய்ச்சி மையத்தின் உளுந்தைப் பாருங்கள். வம்பன் 4, 6, 8, 10, 11 என்று எண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அடுத்த ரகம் வரட்டும் என்று யாராவது ஒரு பட்டத்தைத் தரிசாகப் போட்டோமா? கையில் கிடைத்த நல்ல விதையைப் போட்டோம். புது ரகம் வந்தபோது அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொண்டோம். பட்டம் தவறினால் எந்த ரகமும் கை கொடுக்காது. குழுக் கணக்கு எழுதுவதற்கும் விலைப்பட்டியல் அனுப்புவதற்கும் மூன்று மாதம் கழித்து வரப்போகும் மாடலில் புதிதாக எதுவும் இருக்கப் போவதில்லை. ஆகவே அவர் சொன்னதை ஓரமாக வைத்துவிடலாம்.

இரண்டாம் கடைக்காரர்: 'விலை ஏறுகிறது.'

இதுவும் உண்மை. கணினி விலை நாளாக நாளாக இறங்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து நிலைமை தலைகீழாகிவிட்டது. கணினிக்குள் இருக்கும் ரேம் என்ற நினைவகச் சிப்பை உலகத்தில் பெருமளவு செய்பவை மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் கட்டும் தரவு மையங்களுக்கு இந்தச் சிப் மலைமலையாகத் தேவைப்படுகிறது. லாபமும் அங்கேதான் அதிகம். ஊரில் இருக்கும் ஒரே ரைஸ்மில் வெளியூர்ப் பெரிய ஆர்டர் பக்கம் திரும்பிவிட்டால், தெருக்கடையில் அரிசி விலை என்னாகும்? அதுதான் நடந்திருக்கிறது. மைக்ரான் நிறுவனம், 'குரூஷியல்' என்ற பெயரில் சில்லறைக் கடைகளில் விற்றுவந்த ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

ஆக, 'விலை இறங்கட்டும்' என்று காத்திருப்பதில் இப்போதைக்கு அர்த்தம் இல்லை. ஆனால் 'விலை ஏறுகிறது' என்பது மட்டுமே வாங்குவதற்குக் காரணம் ஆகாது. தேவை இல்லாத பொருளை மலிவாக வாங்கினாலும் நஷ்டம். மோட்டாருக்கு வைத்த பணத்தை எடுத்து வாங்கினால் அது இரட்டை நஷ்டம். விலை ஏறும் என்ற பயம் கடைக்காரருக்கு நல்ல வியாபாரி. நமக்கு நல்ல யோசனைக்காரர் அல்ல.

மகள்: 'அரசாங்க லேப்டாப் வரும்.'

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். காத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. தேதி இருக்கிற காத்திருப்பு ஒன்று. தேதி இல்லாத காத்திருப்பு இன்னொன்று.

தேதி இருக்கிற காத்திருப்புக்கு நாம் எல்லோரும் பார்த்த உதாரணம் டிராக்டர். 2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், டிராக்டருக்கான வரியை 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தது. செப்டம்பர் 22 முதல் அமல் என்று தேதியும் சொல்லிவிட்டார்கள். வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் என்றால், பழைய வரி 84,000. புது வரி 35,000. பத்தொன்பது நாள் பொறுத்தவருக்கு 49,000 ரூபாய் மிச்சம். அந்த நாட்களில் பொறுத்தவர் புத்திசாலி. அதே சமயத்தில் 'லேப்டாப்புக்கும் வரி குறையும்' என்று பேச்சுக் கிளம்பியதை நம்பிக் காத்திருந்தவர்களும் உண்டு. லேப்டாப் வரி 18 சதவிகிதத்திலேயே நின்றுவிட்டது. முன்னவர் அறிவித்த தேதிக்காகக் காத்திருந்தார். பின்னவர் காதில் விழுந்த பேச்சுக்காகக் காத்திருந்தார்.

கல்லூரி மாணவர்களுக்கான லேப்டாப் திட்டம் வெறும் பேச்சு அல்ல. 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் முதல் கட்டமாகக் கொடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். உங்கள் மகள் அரசுக் கல்லூரியில் படிப்பதால் எதிர்பார்ப்பதில் தவறு இல்லை. ஆனால் 'வரும்' என்பது போதாது. 'எப்போது' என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மகளைக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பி இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எங்கள் வகுப்புக்குப் பட்டியல் எடுத்துவிட்டீர்களா? அதில் என் பெயர் இருக்கிறதா? பெயர் இருக்கிறது என்றால் தாராளமாகக் காத்திருக்கலாம். 'அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்' என்றால், அந்தக் காத்திருப்புக்கு நீங்களே ஒரு தேதி வையுங்கள். கல்லூரி மறுபடி திறக்கும் ஜூன் மாதம் வரை என்று காலண்டரில் எழுதிவிடுங்கள். அதற்குள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கிவிட வேண்டியது.

மருமகன்: 'பழசிலேயே டிஸ்க்கை மாற்றினால் போதும்.'

நாலு பேரில் உங்கள் வேலைக்குப் பக்கத்தில் வந்தவர் மருமகன்தான். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டு சுழன்று, ஊசி போன்ற ஒன்று அங்கும் இங்கும் ஓடித் தேடித்தான் எதையும் எடுக்கும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகமே கிடையாது. அதைப் பழைய டிஸ்க் இருந்த இடத்தில் மாட்டினால், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிற நேரம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். செலவு கடைக்குக் கடை மாறும்; இதுவும் சமீபத்தில் விலை ஏறிய சாமான்தான். ஆனாலும் 256 ஜி.பி. அளவு உங்களுக்குப் போதும், புதுக் கணினியின் விலையில் அது சிறு பங்குதான். ரேமையும் கூட்டச் சொல்வார்கள். ரேம் இப்போது விலையேறி நிற்கிறது. முதலில் டிஸ்க்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, கடையில் கொடுப்பதற்கு முன்னால் குழுக் கணக்கு முழுவதையும் பென்டிரைவில் ஒரு நகல், இணையத்தில் ஒரு நகல் என்று எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கு வைத்திருப்பவருக்கு 15 ஜி.பி. இடம் இலவசம், குழுக் கணக்குக்கு அது பத்து வருடத்துக்குத் தாங்கும். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வந்து பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு, அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மாற்றலாமா என்றால், இன்டெல் சிப் என்றால் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்று நிபந்தனை. பழைய லேப்டாப் பலவும் அதில் தேறுவதில்லை. எப்படியாவது ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்குக் காசு கொடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக லினக்ஸ் போடலாம், அது இலவசம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. உங்கள் மகளுக்கு அது பழக்கப்பட்டதாகவே இருக்கலாம். லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் வரவு செலவும் விலைப்பட்டியலும் தமிழிலேயே போடலாம்.

மூன்று, பழைய கணினியில் வங்கிப் பணப் பரிமாற்றம் செய்ய வேண்டாம். அதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முடிவு என்ன?

இந்த வாரமே டிஸ்க்கை மாற்றுங்கள். மீதிப் பணத்தில் மோட்டாரை இறக்குங்கள். புதுக் கணினிக்கு மகளின் கல்லூரியில் சொல்லும் தேதி வரைக்கும், இல்லாவிட்டால் நீங்கள் குறித்த ஜூன் வரைக்கும் பொறுங்கள். மார்ச் 31-க்குள் குழுக் கணக்கை முடித்தாக வேண்டும் இல்லையா? அதற்குப் பழைய லேப்டாப் போதும். மோட்டார் இல்லாத கோடையில் பூவும் இருக்காது, கன்றும் இருக்காது. அப்புறம் கணக்கு எழுத எந்தக் கணினியும் தேவைப்படாது.

இதில் நான் 'வாங்கு' என்றும் சொல்லவில்லை, 'பொறு' என்றும் சொல்லவில்லை என்று தோன்றலாம். நான் சொல்வது ஒன்றுதான்: மெஷின் காத்திருக்கலாம், வேலை காத்திருக்கக் கூடாது. புதுசு வரும் வரைக்கும் வேலையை நிறுத்தி வைப்பதுதான் தப்பு. இருப்பதைக் கொண்டு வேலையை ஓட்டிக்கொண்டே புதுசுக்குக் காத்திருப்பவர் எதையும் இழப்பதில்லை.

நம் மாவட்டத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று இயக்கத்திலேயே சேர்த்தார்கள். பூக்காரம்மா, குவாரியில் கல் உடைத்தவர், அங்கன்வாடிப் பணியாளர், டீச்சர் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். அப்போது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கடையில் கேட்டால் வரும், பொறுங்கள் என்ற பதில்தான். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அந்த நாட்களில் இங்கே வந்து பார்த்து எழுதியிருக்கிறார்: காத்திருக்கப் பொறுமையில்லாத பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று, அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

ஏற்ற மாடல் இல்லை என்று அவர்கள் நிற்கவில்லை. அவர்களுக்குப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரம் மிச்சமாக வேண்டும், சந்தைக்குப் பொழுதோடு போக வேண்டும். இருந்த சைக்கிள் அதற்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பும் அந்த ஜென்ட்ஸ் சைக்கிள் மாதிரிதான். பொருத்தமானது அல்ல; ஆனால் ஓடும்.

மற்ற வாசகர்களுக்கு

எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. வீட்டில் பழைய கணினியே இல்லை, அரசு லேப்டாப்புக்கும் வழியில்லை, கணக்கோ பிள்ளையின் படிப்போ தடைப்பட்டு நிற்கிறது என்றால், பொறுக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள்.

இப்போது நின்றுபோயிருக்கும் வேலை எது? வானிலை பார்ப்பதும், சந்தை நிலவரம் பார்ப்பதும், உழவன் செயலியில் பதிவதும் மட்டும்தான் வேலை என்றால் கையில் இருக்கும் போன் போதும். பட்டா, சிட்டா எடுக்கப் பக்கத்தில் இ-சேவை மையம் இருக்கிறது. நாள்தோறும் எழுதும் கணக்கு, பில், விலைப்பட்டியல், பிள்ளைகளின் படிப்பு இவைதான் கணினி கேட்கும் வேலைகள்.

எதற்காகப் பொறுக்கிறோம், அதற்குத் தேதி உண்டா? அறிவித்த மானியம், அமலாகப் போகும் வரிக் குறைப்பு, பட்டியலில் ஏறிய பெயர் இவற்றுக்குத் தேதி உண்டு. புது மாடல், விலை இறக்கம், யாரோ சொன்ன ஆஃபர் இவற்றுக்குத் தேதி கிடையாது.

பொறுக்கும் நாட்களில் வேலை எப்படி ஓடும்? இதற்குப் பதில் இருந்தால் பொறுக்கலாம். பதில் இல்லை என்றால் பொறுப்பதற்கான செலவு இன்றைக்கே ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

புதிதாக வாங்கினால் 8 ஜி.பி. ரேமுக்குக் குறையாமல், எஸ்.எஸ்.டி. உள்ளதாகப் பாருங்கள். பின்னால் ரேம் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். சில லேப்டாப்புகளில் ரேமைப் பலகையோடு ஒட்டியே வைத்திருப்பார்கள், பிறகு கூட்டவே முடியாது. விண்டோஸ் உரிமத்தோடு வருகிறதா, பழுது பார்க்கும் சென்டர் புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். பில்லில் வரிசை எண் இருக்க வேண்டும். வட்டியில்லாத் தவணை என்றால், நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பழையது வாங்கினால் இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தையதைத் தொட வேண்டாம். கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் யோக்கியதை அதிலேயே தெரிந்துவிடும். எல்லாக் கட்டைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காமலா ஓட்டி வருகிறோம்?

எதை வாங்கினாலும் வாரம் ஒருமுறை கணக்கின் நகல் ஒன்றை வீட்டுக்கு வெளியே அனுப்பி வையுங்கள். கணினி போனால் வேறு கணினி வாங்கிக்கொள்ளலாம். பத்து வருடத்துக் கணக்கு போனால் அதை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். நனைந்த நோட்டை வெயிலில் காயப்போட்டு ஏமாந்தவன் சொல்கிறேன்.

ஆலங்குடிச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்க் மாற்றியதும் முதல் வேலையாக, கைநழுவிப் போன அந்த ஆளுக்கே உங்கள் விலைப்பட்டியலை ஒருமுறை அனுப்பி வையுங்கள். இரண்டாயிரம் கன்று வாங்கியவருக்கு, பட்டுப்போன கன்றுக்கு மாற்று வைக்க இன்னும் கொஞ்சம் தேவைப்படும். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில்: பேட்டரி தெளிப்பானா, பெட்ரோல் தெளிப்பானா என்று கேட்டிருக்கும் விராலிமலை வாசகருக்குப் பதில்.